கம்பளி பூட்ஸில் ஐந்து தக்காளி

அன்புள்ள அப்பாவுக்கு லுகேரியா எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மினுசின்ஸ்கில் பனி விழுவதற்குள் விறகு பிளக்க ஆள் வையுங்கள், நீங்களே கோடாலியைத் தூக்காதீர்கள்.

"யாருக்கும் விதையக் கொடுத்துடாதே" என்று சொல்லி அனுப்பினீர்களே, நம் வீட்டுத் தக்காளி, அது இந்த வடக்குக் குளிரிலும் பால்கனித் தொட்டியில் ஆறு காய் காய்த்தது. போன வாரம் பேக்கரி வேலை முடிந்து வந்து பார்த்தால் செடியில் ஒன்றுகூட இல்லை. வீட்டுக்காரி காப்பா அத்தை மேல்தான் எனக்குச் சந்தேகம். வாய்விட்டுக் கேட்கவில்லை. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து சூப் சட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். வெறும் முட்டைக்கோஸ்.

நேற்று முதல் பனி விழுந்தது. வேலைக்குக் கிளம்பிக் கம்பளி பூட்ஸுக்குள் காலை விட்டேன், சதக்கென்றது.

"அடிப்பாவி, மிதிச்சிட்டியா!" என்று அத்தை ஓடிவந்தாள். "தக்காளி குளிர்ல கருகிடுமேன்னு பறிச்சு இதுக்குள்ள பழுக்க வச்சேன், சொல்ல மறந்துட்டேன். உங்கப்பா வேற எதுல வைப்பாராம், தொப்பியிலயா?"

நீங்களும் பூட்ஸில்தானே வைப்பீர்கள். எனக்குத்தான் தோன்றவில்லை.

நசுங்கிய பழத்தின் விதையை சாக்ஸிலிருந்து வழித்து என் அறையில் காயவைத்திருக்கிறேன். ஒரு ஜோடி சாக்ஸ் அனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்கள் போட்டதே போதும்.

ஆனால் அப்பா, பூட்ஸில் இருந்தது ஐந்துதான். இன்று காலை அத்தையின் சமையலறை ஜன்னலில், செய்தித்தாள் மேல் தக்காளி விதை காய்கிறது. பார்க்காதது போல உட்கார்ந்து டீ குடித்தேன். இந்த ஊரில் என்னை டீ குடிக்கக் கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
லுகேரியா