இல்லை என்று சொன்ன ஏஸ்

எருத்தேன்பதி,
3.6.2025

அன்பு ஆனந்திக்கு,

வீடு, தோப்பு எல்லாம் சுகம். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. மூன்று வருடமாக நாம் ஜோடி சேர்ந்து பிரிட்ஜ் சீட்டு ஆடுகிறோம், பாலக்காட்டுப் போட்டியில் வந்ததைப் போல ஒரு கை எனக்கு வந்ததே இல்லை. இஸ்பேடும் டைமனும் வழிய வழிய இருக்கின்றன, ஆர்ட்டின் மருந்துக்குக்கூட இல்லை. ஏலத்தில் உன்னை எத்தனை ஏஸ் என்று கேட்டேன், ஒன்று என்றாய். கிளாவர் ஏஸ்தான் என்று நம்பி, பதின்மூன்று பிடியும் நமக்கே என்று ஏலத்தின் உச்சமான ஏழுக்கு ஏறினேன். நீ சீட்டுகளை மேஜையில் விரித்தால் ஆர்ட்டின் ஏஸ்! எனக்கு ஆர்ட்டினே இல்லாதபோது அதை வைத்து என்ன செய்ய? கிளாவர் ஏஸ் எதிராளி கையில் இருக்க, ஒரே பிடி குறைந்து விழுந்தோம்.

உன்மேல் தப்பில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாய். ஆனாலும் உன்னை அந்த இடத்திலேயே ஒரு கிள்ளு கிள்ளலாம் போல இருந்தது.

22ஆம் தேதி கொச்சிப் போட்டி. மறுபடி இப்படிக் கை வந்தால் எப்படிக் கேட்பது என்று யோசித்து எழுது. போனில் பேசினால் சண்டையில்தான் முடியும். “ஏம்புள்ள, சீட்டாட்டத்துக்கா இத்தனை கடுதாசி?” என்று எங்கள் வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

உன்,
கோமதி அக்கா

வண்டிப்பெரியார்,
7.6.2025

அன்புள்ள கோமதி அக்காவுக்கு,

கிள்ளாமல் விட்டதற்கு நன்றி. கண்டுபிடித்துவிட்டேன் அக்கா. எஸ்டேட் ஆபீசில் வேலை பார்க்கிற மாதிரி உட்கார்ந்து இரண்டு நாளாக இதைத்தான் யோசித்தேன்.

ஏலத்தில் இரண்டு பேரும் இஸ்பேடில் ஒத்துப்போன பிறகு நம்மில் ஒருத்தி திடீரென்று படி தாண்டி எகிறி ஐந்து ஆர்ட்டின் என்று கேட்டால், ‘என்னிடம் ஆர்ட்டின் இல்லை, அந்த ஏஸைச் சேர்க்காமல் மிச்சத்தைச் சொல்’ என்று அர்த்தம். எந்த ஜாதிச் சீட்டு இல்லையோ அதில் எகிற வேண்டும். எதிராளி கேட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒளித்து ஆடுகிற ஆட்டம் எனக்கு வேண்டாம்.

கொச்சியில் அப்படி ஒரு கை வராதா என்று இருக்கிறது.

அன்புடன்,
ஆனந்தி

வண்டிப்பெரியார்,
23.6.2025

கோமதி அக்காவுக்கு,

இரண்டாம் பரிசுக் கோப்பை உங்களிடமே இருக்கட்டும்.

உங்கள் ரயில் தாமதம். நீங்கள் வந்து உட்காரவும் சீட்டுப் போடவும் சரியாக இருந்தது. முதல் கையே நான் ஏங்கிய கை. ஐந்து ஆர்ட்டின் ஏல அட்டையை வைத்தேன். எதிராளிகளில் அந்தக் கண்ணாடிக்காரர் உங்களிடம் அர்த்தம் கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? “எங்களுக்குள்ள அப்படி ஒப்பந்தம் எதுவும் இல்லீங்க.” சொல்லிவிட்டு, ஏஸ் இல்லை என்று ஏலம் வைத்தீர்கள். நான் பன்னிரண்டு பிடி போதும் என்று ஆறில் நிறுத்தினேன்.

எனக்கு முகம் எரிந்தது. ஆட்டம் தொடங்கும் முன்பே நடுவரைக் கூப்பிட்டு, ஒப்பந்தம் இருக்கிறது, கடிதத்தில் எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். “எந்தக் கடிதம்?” என்றீர்கள். பிறகு நீங்கள் சீட்டுகளை விரித்தால் அதில் ஆர்ட்டின் ஏஸ். கடிதத்தைப் படிக்காதவர் அதை எப்படி இல்லை என்பார்? இதே சீட்டுகளோடு ஆடிய மற்ற மேஜைகளில் ஏழு கேட்டு, முதல் சீட்டிலேயே கிளாவர் ஏஸுக்கு விழுந்தார்கள். அந்தக் கையை நாம் ஜெயித்தோம். அந்த ஜெயம் எனக்கு இனிக்கவில்லை.

பொய் சொல்கிறவரோடு என்னால் ஆட முடியாது. இதோடு நிறுத்திக்கொள்வோம்.

ஆனந்தி

எருத்தேன்பதி,
27.6.2025

ஆனந்திக்கு,

உன் கடிதங்கள் இரண்டு இன்று ஒன்றாக வந்தன. இரண்டிலும் ஒரே முத்திரை, வண்டிப்பெரியார் 24. கைக்கு வந்ததை முதலில் பிரித்தேன், அது என்னைப் பொய்க்காரி என்றது. இன்னொன்றைப் பிரிக்கவில்லை. இதோடு வைத்திருக்கிறேன், ஒட்டு கலைந்திருக்கிறதா என்று நன்றாகப் பார்.

நீ ஐந்து ஆர்ட்டின் வைத்ததும், இந்தப் பெண் காரணமில்லாமல் எகிற மாட்டாளே என்று யோசித்தேன். பாலக்காட்டில் எனக்கு இல்லாத ஜாதி இப்போது அவளுக்கு இல்லை, அதனால் என் கையில் இருக்கிற ஏஸ் அவளுக்கு உதவாது என்று பட்டது. இல்லை என்று சொல்லிவிட்டேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை அம்மிணி. அடுத்த நிமிடமே நீ எழுந்து நின்றாய்.

நீ நடுவரைக் கூப்பிட்டது சரிதான். பிறகு என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கோமதி

வண்டிப்பெரியார்,
1.7.2025

அக்கா,

எஸ்டேட் தபால் பையைக் கட்டுகிறவளே நான்தான். சொந்தக் கடிதம் ஆபீஸ் கடிதங்களோடு கலக்கக் கூடாது என்று உங்களுடையதைப் பையின் உள்பக்க ஜிப்பில் தனியாக வைத்தேன். பையைத் தபாலாபீசுக்குக் கொண்டுபோகிற குருசாமி அண்ணனிடம் சொல்லவில்லை. கோபக் கடிதத்தைக் கொடுத்த அன்றுதான், “உள்ள இன்னொன்னும் கெடந்துச்சு தாயி, சேத்துப் போட்டுட்டேன்” என்றார். எந்தக் கடிதம் என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

நடுவருக்கும் அந்தக் கண்ணாடிக்காரருக்கும் எழுதிவிட்டேன். கோமதி சொன்னது முழு உண்மை, தப்பு என்னுடையது என்று.

என் கடிதத்தில் இருந்ததை ஓர் எழுத்துகூடப் படிக்காமல் அப்படியே ஆடினீர்கள். நான் உங்களோடு மூன்று வருடம் ஆடியும் உங்களைப் படிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது அக்கா.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டுங்கள். திட்டி முடித்ததும் உள்ளே கூப்பிடுவீர்களா என்று தெரியாமலேதான் வருகிறேன்.

ஆனந்தி