பின்னோக்கிய இருக்கை

1986 மே 30, வெள்ளி

மகள் ட்ரூடிக்குக் கல்யாணம். இன்னும் எட்டு நாள். தேவாலயத்திலிருந்து விருந்துக்கு நம் ஸ்டேஷன் வேகனில்தான் அழைத்துப் போவேன் என்றேன். வெள்ளைக் கார் வாடகைக்குப் பேசியாயிற்றாம்.

"அது காரா அப்பா? சக்கரம் வெச்ச அலமாரி."

பதினெட்டு அடி நீளம். ஒன்பது பேர் உட்காரலாம். பின்கதவு பக்கவாட்டிலும் திறக்கும், கீழேயும் மடியும். எந்த அலமாரிக்கு இது வரும்? அந்தக் கடைசி இருக்கையில் பின்னோக்கி உட்கார்ந்துதானே வளர்ந்தாள்! ஈரி ஏரிவரை, பின்னால் வருகிற வண்டிக்கெல்லாம் நாக்கை நீட்டுவாள். மன்னிப்புக் கேட்பது நான்.

மே 31

எப்படியும் மனம் மாறுவாள். பக்கவாட்டு மரப்பலகைக்குச் சாப்பாட்டு மேசை எண்ணெயைத் தேய்த்தேன். பக்கத்து வீட்டு எல்மர் வேலியில் சாய்ந்து நின்றான்.

"யோவ், அது மரமில்ல, பிளாஸ்டிக் ஒட்டு. அப்படியே கரையான் மருந்தும் அடிச்சிடு."

மனைவியைவிடப் புல்வெட்டும் இயந்திரத்தோடு அதிகம் பேசுகிறவன் சொல்கிறான்.

ஜூன் 1

எண்ணெய் பட்டு ஒட்டு உரிந்துவிட்டது. என் பக்கத்துக் கதவில், ஒரு முழம்.

ஜூன் 2

கதவைப் பார்த்தும் என் மனைவி மார்லிஸ் இன்னும் சிரிக்கவில்லை. அதுதான் பயம்.

ஜூன் 5

விருந்துக் கூடத்துக்கு அறுபது மடக்கு நாற்காலி. எந்த வண்டியிலும் அடங்கவில்லை. ட்ரூடி வேகனை எடுத்துப் போனாள். ஒரே நடை. திரும்பி வந்தவள் பின்கதவைத் திறந்து, அந்தக் கடைசி இருக்கையில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு கதவின் உரிந்த இடத்தைத் தடவினாள்.

"எண்ணெயாப்பா போட்டே?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

மாலையில், சமையலறை அலமாரித் தட்டுகளில் ஒட்டும் மரவரித் தாளோடு வந்து, கதவருகே மண்டியிட்டு ஒட்டினாள். வரி கொஞ்சம் கோணல்தான். என் கண்ணுக்கு அதுதான் அசல் மரம்.

"வெள்ளைக் காரை வேணாம்னுட்டேன். ஆனா முன்னாடி உக்கார மாட்டேன்."

ஜூன் 7, சனி

கல்யாண வண்டி வழக்கப்படி கட்டிய தகர டப்பாக்கள் பின்னால் கடகடக்க நான்தான் ஓட்டினேன். கடைசி இருக்கையில் பெண்ணும், முழங்கால் மோவாயை முட்ட மாப்பிள்ளையும். எல்மர் தொப்பியைக் கழற்றினான். கதவுக்குத்தான், எனக்கு இல்லை. கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது அவளுடைய பின்தலை மட்டும், எப்போதும்போல.

எங்களுக்குப் பின்னால் வந்தது பாதிரியாரின் வண்டி. விருந்தில் மெதுவாக என் காதருகே வந்தார்.

"உங்க பொண்ணு என்னைப் பாத்து நாக்க நீட்டுச்சு."

மன்னிப்புக் கேட்டேன். குரலில் வருத்தத்தை வரவழைக்கத்தான் முடியவில்லை.