பசை போட்டு ஒட்டிய லாரி

என் அன்பு அப்பாவுக்கு,

அன்பு என்று எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இருக்கட்டும், அது பொய் இல்லை. உங்கள் மேல் பாசம் இல்லாவிட்டால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது.

முதலில் வீட்டு நிலவரம். அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாள், தூக்கம்தான் இல்லை. மேட்டுக்காட்டில் கடலை பிடுங்கியாகிவிட்டது, காய் சுமார்தான். தம்பி சேவியர் இன்னமும் தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்து கேசட் கடையில்தான் இருக்கிறான். உங்கள் முப்பதாம் நாள் பூசைக்கு நான் புகுந்த ஊரான ஏரியூரிலிருந்து இண்டூர் வீட்டுக்கு வந்தபோது, அவன் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அதனால்தான் இந்தக் கடிதம்.

லாரிக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீங்கள் ஊருக்குச் சொன்னது வேறு, நடந்தது வேறு. நடந்ததை ஒரு தடவையாவது நான் என் வாயால் சொல்ல வேண்டாமா?

மஸ்கட்டிலிருந்து சித்தப்பா லீவில் வந்தார். அம்மாவுக்குச் சேலை, உங்களுக்கு டார்ச் லைட், சேவியருக்குக் கைக்கடிகாரம். எனக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி. பத்தாவதில் நான் கணக்கில் நல்ல மார்க் வாங்கியதற்காக என்று சொல்லித்தான் கொடுத்தார். உள்ளே அழுத்தினால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகள், பல்சக்கரங்கள், ஒரு குட்டி மோட்டார், பேட்டரி போடும் பெட்டி. தனி உறையில் கண்ணாடி மாதிரி மினுக்கும் பாகங்கள் இருந்தன. கிரில், பம்பர், கூரைமேல் வைக்கும் ஹாரன், கேபினுக்கு இரண்டு பக்கமும் நிமிர்ந்து நிற்கும் சைலன்சர் குழாய்கள். "நம்மூரு லாரிக்கு இது அடியிலல்ல இருக்கும், இது என்னா கொம்பாட்டம் நிக்குது?" என்று கேட்டீர்கள். எனக்கும் தெரியவில்லை. மினுக்கில் கைரேகை படக்கூடாதென்று அவற்றைத் தாவணி முனையால் பிடித்துத்தான் மாட்டினேன்.

கூட இருந்த புத்தகத்தில் ஒரு எழுத்துக்கூடக் கிடையாது, எல்லாம் படம். சேவியர் அரை மணி நேரம் பார்த்தான், கொட்டாவி விட்டான், கபடி ஆடப் போய்விட்டான். நான் உள் அறையில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டேன். தண்ணி பாய்ச்சிவிட்டு வந்து நீங்கள் பக்கத்தில் குந்திக்கொள்வீர்கள். கீழே உருண்ட கட்டைகளைப் பொறுக்கிக் கொடுத்தது நீங்கள்தானே அப்பா? அதை எப்படி மறந்தீர்கள்?

லாரி முதலில் ஓடிய அன்று, புதுவண்டிக்குச் செய்வதுபோல விளையாட்டாக எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கி முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தீர்கள். அது ஏற முடியாமல் நின்ற இடத்திலேயே உறுமியது. நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பிரித்தேன். மோட்டார் பக்கம் சின்னப் பல்சக்கரமும் அச்சுப் பக்கம் பெரியதுமாக மாற்றிப் போட்டேன். வேகம் குறைந்தது, ஆனால் ஏறி இறங்கிவிட்டது. அது எந்தப் படத்திலும் இல்லை. "எம் பொண்ணுக்கு மூளைய பாத்தியா," என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். ஆகவே உங்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

லாரி ஷோகேஸுக்குப் போயிற்று. வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்த பிறகு அதை எடுத்து ஒரு ஓட்டம் ஓட்டிக் காட்டுவீர்கள். முதலில் "எம் பொண்ணு செஞ்சது" என்றுதான் சொன்னீர்கள். அத்தை ஒருநாள், "பொட்டப்புள்ள ஒயரும் மோட்டருமா ஒக்காந்திருந்தா எவன் வந்து கட்டுவான்?" என்று கேட்டார். அடுத்து வந்தவர்களிடம் "புள்ளைங்க செஞ்சது" என்றீர்கள். அதற்கடுத்து "பையன் செஞ்சது." நான் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம், அப்பாவை நாலு பேர் முன்னால் எப்படி மறுப்பது என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் சேவியர் பத்தாவதைத் தட்டுத்தடுமாறித் தாண்டினான். சேலம் பக்கம் ஃபாதர்கள் நடத்தும் பாலிடெக்னிக்கில் அவனுக்கு சீட் கேட்கக் கிளம்பினீர்கள். மார்க் போதாது, அதனால் லாரியையும் கொண்டு போகலாம் என்றீர்கள். "என்னயும் சேத்துவுடுங்கப்பா, நானும் படிக்கிறேன்," என்று நான் கேட்டேன். "பொண்ணுங்கள அங்க சேக்க மாட்டாங்க கண்ணு," என்றீர்கள். கண்ணு என்று நீங்கள் சொன்னதால் நம்பினேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அதைப் பசை போட்டு ஒட்டினீர்கள். ஒவ்வொரு மூட்டிலும் ஊற்றினீர்கள். பசை பட்ட இடத்தில் சைலன்சர் குழாயின் மினுக்கு உரிந்து சாம்பல் நிறமாகிவிட்டது. "பிரிச்சு வேற வண்டி செய்யலாமேப்பா, ஒட்டாதீங்க," என்று கெஞ்சினேன். "பஸ்ஸு ஆட்டத்துல கழண்டு போயிருமே," என்றீர்கள். சரி, அறியாமல் செய்கிறார் என்று அழுதுவிட்டுப் பேசாமல் இருந்தேன். இத்தனை நாளும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முப்பதாம் நாள் சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு சேவியர் கிணற்றடிக்கு என்னைக் கூப்பிட்டான். தலை குனிந்தே பேசினான்.

"அக்கா, அந்த ஃபாதரு லாரிய நல்லாப் பாத்தாரு. 'மோட்டார கழட்டி மாட்டிக் காட்டு தம்பி, பாக்கலாம்'னாரு. எனக்கு வேர்த்துப்போச்சு. அப்பா சொன்னாரு, 'பசை போட்டுட்டோங்க ஃபாதர், கழட்ட வராதுங்க.' பஸ்ஸுலயே எங்கிட்ட சொல்லிட்டாரு, கேட்டாங்கன்னா இப்பிடிச் சொல்லலாம்னுதான் ஒட்டினேன்னு."

அவன் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை.

"அப்பறம் ஃபாதரு கேட்டாரு, 'வூட்ல வேற புள்ளைங்க இருக்காங்களா? இந்த வருஷம் பொண்ணுங்களயும் சேக்கறோம்'னு. அப்பா சொன்னாரு, 'ஒரு பொண்ணு இருக்குதுங்க. அதுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க. கண்ணாலம் வேற பேசியாச்சுங்க.'"

எந்தக் கல்யாணம் அப்பா? அன்றைக்கு எனக்கு யாரும் மாப்பிள்ளைகூடப் பார்க்கவில்லையே. சேலத்திலிருந்து வந்த பிறகுதானே அவசர அவசரமாக அலைந்தீர்கள்? கிறிஸ்துமஸ் முடிந்ததும் கோயிலில் என் கல்யாண ஓலை வாசித்தார்கள், "யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம்" என்று. நானும் பெண்கள் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஃபாதரிடம் சொன்ன பொய்யை மெய்யாக்கத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தீர்களா? இதற்கு யார் எனக்குப் பதில் சொல்வார்கள்?

உங்கள் மருமகன் கெட்டவர் இல்லை, அடிப்பதில்லை, குடிப்பதில்லை. ஆனால் பம்ப்செட் நின்றுபோனால் என்னைக் கிட்டே விட மாட்டார். போன வாரமும் நின்றது. ஸ்டார்ட்டரில் ஒரு தகடு தேய்ந்திருக்கிறது, சத்தத்திலேயே தெரிந்தது. சொன்னேன். "நீ போயி அடுப்ப பாரு," என்றார். பென்னாகரத்திலிருந்து மெக்கானிக் வரும்வரை தக்காளி நாற்று காய்ந்தது. வந்தவர் அதே தகட்டைத்தான் மாற்றினார். சொல்லி என்ன ஆகப் போகிறது?

சேவியரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒர்க்‌ஷாப் வகுப்பில் ஸ்பேனர் எடுக்கத் தெரியாமல் நின்றானாம். "லாரி செஞ்ச பையன்" என்றே கூப்பிட்டுச் சிரித்தார்களாம். அதனால்தான் கிடைத்த சீட்டையும் விட்டுவிட்டு ஓடிவந்தான். உங்களிடம் சொல்லப் பயம். ஒரு பொய்யில் என் படிப்பும் போயிற்று, அவன் மானமும் போயிற்று.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "செத்துப்போனவர ஏன் பேசற? அவுரு எல்லாம் நல்லதுக்குத்தான செஞ்சாரு," என்றாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் தெரியும்டி," என்றாள். அதற்குமேல் நான் அவளைக் கேட்கவில்லை.

வாக்கு ஒன்று தருகிறேன். கல்லறைத் திருநாளுக்குத் தவறாமல் வருவேன். புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, செவந்திப்பூ போட்டு மெழுகுவத்தி ஏற்றுவேன். சொந்தக்காரர்கள் எல்லாம் கூடுவார்கள், அத்தையும் வருவார். வழக்கம்போல யாராவது, "பையன் செஞ்ச லாரிய காட்டிக் காட்டி மனுசன் எப்பிடிப் பூரிப்பாரு," என்று ஆரம்பிப்பார்கள். அப்போது உங்கள் தலைமாட்டில் நின்று சத்தமாகச் சொல்வேன், அதை நான் செய்தேன் என்று. நீங்கள் எழுந்து வந்து மறுக்க முடியாது. உயிரோடு இருந்தபோது எனக்கு வராத தைரியம் இது, அதற்காகவும் உங்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

இப்படிக்கு,
இதெல்லாம் ஒன்றும் தெரியாத உங்கள் மூத்த மகள்,
ஸ்டெல்லா