விடுபட்ட வாக்கியம்

11.01.2024, வியாழன்
எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தின் சட்ட உதவி மேசையில் வழக்கமான வியாழன் அமர்வு. முதுகுவலி குறையவில்லை.

மாலையில் ஆலோசகர் தெரசா ஒரு பெண்ணை அழைத்து வந்தார். பெயர் பிரியங்கா, வயது இருபத்திரண்டு, வத்தல்மலையில் வாழ்க்கைப்பட்டவர். தொற்று, கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில்தான் தெரியவந்திருக்கிறது. மாத்திரை தொடங்கி எட்டு நாள். கணவருக்குத் தெரியும். பிரசவத்துக்குத் தாய்வீடான சித்தேரிக்குப் போகிறார்.

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா வூட்டுல சேக்க மாட்டாங்க சார். சொல்லித்தான் ஆவணுமா?"

சட்டப்படி கட்டாயமில்லை. 'தங்கள் நிலையை யாரிடமும் வெளிப்படுத்தத் தேவையில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். நான்காக மடித்து வாங்கிக்கொண்டார்.

08.02.2024
ஆய்வுக் கூட்டத்தில் பேசினேன். சிகிச்சையே இல்லாத காலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்குத் தாயிடமிருந்து தொற்றியது. தாய் உரிய காலத்தில் மருந்தைத் தொடங்கித் தவறாமல் உண்டால் இன்று நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. கைதட்டினார்கள். திரும்பும் பேருந்தில் உட்கார இடமில்லை.

21.03.2024, வியாழன்
மாத்திரை தீர்ந்துவிட்டதென்று பிரியங்கா தெரசாவை அழைத்திருக்கிறார். குழந்தை பிறந்து ஒன்பது நாளாம். ஆம்புலன்ஸ் மலையேறி வருவதற்குள் வீட்டிலேயே பிறந்திருக்கிறது. மறுநாள் வந்த செவிலியரிடமும் எதுவும் சொல்லவில்லை. பிறந்தவுடன் தொடங்கியிருக்க வேண்டிய தடுப்பு மருந்து, ஆகவே, கொடுக்கப்படவில்லை.

"நர்சம்மாகிட்டயாவது சொல்லக் கூடாதா புள்ள?" என்று தெரசா கேட்டாராம்.

"வக்கீல் சாரு யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு எழுதியே குடுத்தாருல்லங்க?"

தெரசா மருந்துப் புட்டியோடு அடுத்த பேருந்தில் ஏறினார். நான் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

22.03.2024
அவருக்கு எழுதிக் கொடுத்ததன் நகலை எடுத்துப் படித்தேன். சட்டப்படி குறையில்லை. ஆனால் பிரசவம் பார்ப்பவர்களிடம் சொல்வதே குழந்தைக்குப் பாதுகாப்பு என்றொரு வாக்கியம் அதில் இருந்திருக்க வேண்டும். ஏன் எழுதவில்லை? அது அவருக்கே தெரியும் என்று கருதினேனா? இல்லை — அந்தக் குழந்தையை நினைக்கவே இல்லை. முப்பது வருஷமா என்னத்தப் படிச்சுக் கிழிச்சேன்!

25.04.2024
ஆறு வாரப் பரிசோதனை. குதிகாலில் ஊசி பட்டதும் பையன் வீறிட்டான். "பாருங்க சார், ஊசிக்குக் கத்தல, வக்கீலப் பாத்துட்டுக் கத்துறான்" என்றார் தெரசா. பிரியங்கா சிரித்தார். என்னால் முடியவில்லை.

02.05.2024
முடிவு வரவில்லை.

09.05.2024
வரவில்லை. வெயில்.

16.05.2024
வந்தது. குழந்தைக்குத் தொற்று இருக்கிறது.

"நீங்க எழுதுனதாலதான்னு யாரும் சொல்ல முடியாது சார். அவ மாத்திர ஆரம்பிச்சதே லேட்டு" என்றார் தெரசா. உண்மைதான். எந்த நீதிமன்றத்திலும் நிற்கும் வாதம். அதை நிலைநிறுத்தத் தெரிந்தவன்தான் நானும். ஆயினும் பிரியங்காவிடம், "நான் முழுதாகச் சொல்லவில்லை. தவறு என்னுடையது" என்றேன். தொழிலில் இதுவரை எவரிடமும் சொல்லாத சொற்கள்.

அவர் தெரசாவிடம் திரும்பி, "அவனுக்குப் பால் குடுக்கலாங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

23.05.2024, வியாழன்
முடிவை உறுதிப்படுத்த இரண்டாவது ரத்த மாதிரி அனுப்பியாயிற்று, அதற்குக் காத்திராமல் இன்றே சிகிச்சை தொடக்கம். பிரியங்காவோடு அவருடைய தாயார் கருப்பி வந்திருந்தார். முந்தாநாள்தான் மகள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

"நீங்கதான் அந்த வக்கீலுங்களா?"

"ஆமாம்" என்றேன்.

"எங்கிட்ட முன்னமே சொல்லியிருந்தா நான் என்ன இவளக் கடிச்சித் தின்னுருவனா? மாத்திரைய அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சி வச்சித் தின்னுருக்கா, கூறுகெட்டவ!"

மருந்து அட்டைக்குக் குழந்தையின் பெயர் வேண்டும் என்றார் தெரசா. இன்னும் வைக்கவில்லை. பிரியங்கா என்னைப் பார்த்தார். "நீங்களே ஒண்ணு சொல்லுங்க சார்."

மருந்து அட்டையைத் தெரசா பக்கம் நகர்த்தினேன்.

"அவரு சொன்ன வரைக்கும் போதும்" என்றார் கருப்பி. "கோகுல்ராஜ்னு எழுதும்மா."

தெரசா எழுதிவிட்டு மருந்தின் அளவை விளக்கத் தொடங்கினார். கருப்பி பேரனை மடிக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நகர்ந்தார். "மெதுவாச் சொல்லும்மா. காலைல எத்தினி, சாயங்காலம் எத்தினி?"