எழுபத்தெட்டு கிலோ

டிசம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் ஜெபம். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. அதனால் வழக்கம்போல் கடிதம். எழுத்தில் நான் கொஞ்சம் நல்லவன் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய்.

ஒருவழியாகக் கிறிஸ்துமஸ் பண்டிகை முடிந்தது. இந்த மாதம் மட்டும் பத்தொன்பது ஆராதனை. வீடு வீடாகப் பாடப் போனதில் தொண்டை கட்டிப்போய், வாயைத் திறந்தால் தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் இருக்கிறது. இன்று காலை கோயில் காவலாளியும் நானும் மட்டும் ஏணி போட்டு நட்சத்திரங்களைக் கழற்றினோம். குடில் பொம்மைகளைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம். மேய்ப்பன் ஒருவனுக்குக் கை போய்விட்டது. ஒட்டகம் ஒன்றைக் காணவே காணோம். "ஒட்டகத்தையே தொலைச்சவங்க ஊர்லயே நாமதான் ஐயா" என்று காவலாளி சிரித்தார். எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் வந்து நிற்கிறது. பண்டிகை முடிந்த பிறகு இந்தப் பிறப்புக் கதைகளை வீட்டில் வைத்து என்ன செய்வது என்று நான்கு வாரம் பேசப்போகிறேன். முதல் வாரம் சிமியோன். ஆலயத்தில் ஆயுசு முழுக்கக் காத்திருந்து, குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி, இது போதும், இனி நான் நிம்மதியாகப் போகலாம் என்று சொன்ன பெரியவர். அவரைப் படிக்கும்போதெல்லாம் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் நீதான் நினைவுக்கு வருகிறாய். உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லலாம் என்றிருக்கிறேன். பெயர் சொல்லமாட்டேன்.

இந்த வருஷமும் வர முடியவில்லை. வந்தாலும் அப்பா பார்க்கமாட்டார் என்பது உனக்குத் தெரியாததா?

உன் தம்பி


ஜனவரி 5

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. சுகம் என்று எழுதக் கை வரவில்லை. இருக்கிறோம்.

பண்டிகைக்கு வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளிகள் எல்லாம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டார்கள். எங்கள் சலவைப் பிரிவுக்கு ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு வருகிறது. ஈரமான விரிப்பு எவ்வளவு கனக்கும் என்று தூக்குகிறவளுக்குத்தான் தெரியும். புதிதாகச் சேர்ந்தவள் ஒருத்தி, ரத்தக் கறை பட்டதையெல்லாம் நேராக வெந்நீரில் போட்டுவிட்டாள். முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், சூடு பட்டால் கறை துணியோடு துணியாகிவிடும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பேச்சு வாங்கியது நான்.

அவளேதான் சாப்பாட்டு நேரத்தில் உன் பிரசங்க வீடியோ ஓடும் போனை நீட்டினாள். "அக்கா, இது உங்க தம்பிதானே? பாருங்களேன், உங்களைப் பத்தித்தான் பேசுறாரு!" முழுதும் கேட்டேன். சிமியோன் குழந்தையை ஏந்தியதுபோல் என் அக்கா என் தகப்பனை ஏந்துகிறாள் என்றாய். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன், வேறு காரணத்துக்காக.

நல்ல பிரசங்கம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். சிமியோன் ஏந்தியது நாற்பது நாள் குழந்தை. மிஞ்சிப்போனால் நாலு கிலோ இருக்கும். கொஞ்ச நேரம் ஏந்தினார், போதும் ஆண்டவரே என்றார், தாயின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பா எழுபத்தெட்டு கிலோ. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய தோள், பக்கவாதம் வந்தும் இளைக்கவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, திரும்பக் கட்டிலுக்கு. திருப்பிக் கொடுக்க எனக்கு யார் இருக்கிறார்கள்?

பேச்சு இன்னும் வரவில்லை. இடது கையால் சிலேட்டில் எழுதுகிறார். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து உட்கார்ந்துகொள்கிறார். உட்காருவார், தூக்கமாட்டார்.

என் முதுகெலும்பில் ஒரு தட்டு நழுவி நரம்பை அழுத்துகிறதாம். பிப்ரவரியில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு ஆறு வாரம் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாதாம். நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ஆறு வாரம் வந்து இரு.

அக்கா


ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. முதுகை இவ்வளவு தூரம் விட்டுவைத்திருக்கிறாயே! பிரசங்கத்தில் உன்னைப் பற்றிப் பேசியது தப்புதான். பெருமையாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னேன்.

ஆறு வாரம் என்பதுதான் யோசனையாக இருக்கிறது. ஞானஸ்நான வகுப்பு பாதியில் நிற்கிறது. கூரை வேலைக்குச் சபைக் குழு கூட வேண்டும். அந்தக் குழுவில் இரண்டு பேர் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை, நடுவில் நான் உட்கார்ந்தால்தான் கூட்டமே நடக்கும். அங்கே உள்ள சபை ஆயருக்கு எழுதியிருக்கிறேன். வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள் ஏற்பாடு செய்ய முடியும் என்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேல் அப்பா. அம்மாவை அடக்கம் செய்த அன்று சாயங்காலம் நான் வாசலில் நின்றதை நீ மறந்திருக்கமாட்டாய். கதவைத் திறக்காத மனுஷன், இப்போது எழுந்து ஓட முடியாத நிலையில் இருக்கும்போது நான் போய்த் தொட்டுத் தூக்கினால், அது அவருக்குத் தண்டனை இல்லையா? குழந்தையைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் ஏரோது ராஜாவிடம் திரும்பாமல் வேறு வழியாக ஊர் போய்ச் சேர்ந்ததைத்தான் போன வாரம் பேசினேன். சில நேரம் வேறு வழியாகப் போவதும் கீழ்ப்படிதல்தான் அக்கா.

ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் தம்பி


ஜனவரி 16

தம்பிக்கு,

ஊருக்கு உபதேசம் செய்கிறவனோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. ஆனாலும் நீ ஆரம்பித்த கதையை நான் முடிக்கிறேன். சாஸ்திரிகள் வேறு வழியாகப் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது? ஏரோது கொல்லத் தேடுகிறான், பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போ என்று யோசேப்புக்குச் சொப்பனத்தில் கட்டளை வந்தது. எழுந்தான், போனான். நாலு சுவிசேஷத்திலும் தேடிப்பார், அந்த மனுஷன் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதாக இல்லை. தச்சுப்பட்டறையில் வேலை பாதியில் நிற்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

இதை உன்னைக் குத்துவதற்கு மட்டும் எழுதவில்லை. நானும் யோக்கியம் இல்லை. ஒன்றை ஆறு வருஷமாக விழுங்கி வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் கதவைத் தாழ் போட்டது அப்பா இல்லை. நான்.

அந்த டிசம்பர் இருபத்து நாலாம் தேதி காலையிலேயே அம்மாவுக்கு முடியவில்லை என்று உனக்குச் சொன்னேன். ஆராதனை முடிந்ததும் வருகிறேன் என்றாய். அம்மா மூன்று தடவை கேட்டார். "பஸ்ஸை விட்டுட்டானா? அடுத்த பஸ்ல வருவானா?" என்று. நானும் வருவான், வருவான் என்றேன். மறுநாள் மத்தியானம் போய்விட்டார். நீ வந்தது அதற்கும் மறுநாள், எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு. நீ கதவைத் தட்டினாய். "யாரும்மா?" என்று அப்பா உள்ளே இருந்து கேட்டார். "பக்கத்து வீட்டுக்காரங்கப்பா" என்றேன். ஜன்னல் பக்கம் வந்து உன்னிடம், "அப்பா உன் முகத்துல முழிக்க மாட்டாராம். போயிடு" என்றேன். அப்பா அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை.

நீ வரவே இல்லை என்றுதான் அவர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். "அவனுக்கு அவன் சபைதான் வீடு" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதோடு உன் பேச்சை எடுக்கவில்லை. மறுநாளே சொல்லிவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு வருஷம் ஆன பிறகு பயமாக இருந்தது.

இனி வருவதும் வராததும் உன் இஷ்டம். அப்பாவைக் காரணம் சொல்லாதே.

அக்கா


ஜனவரி 30

தம்பிக்கு,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தேன், உன் மனைவிதான் எடுத்தாள். "நல்லா இருக்காருங்க அண்ணி, ஆனா யார்கூடவும் பேசல" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். முகச்சவரம் செய்துவிட்டு, கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, கால்மாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிலேட்டை எடுத்துக் கொடுத்தேன், தள்ளிவிட்டார். அரை மணி நேரம் கழித்து அவரே கையை நீட்டிக் கேட்டார். இடது கை எழுத்து, கோணல் மாணலாக இருந்தது.

"அன்னைக்கு அவன் சாப்பிட்டானா" என்று எழுதியிருந்தார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து என்னிடம் சிலேட்டு கேட்பதில்லை. தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். எனக்கு வேண்டியதுதான்.

அறுவை சிகிச்சை பிப்ரவரி ஒன்பதாம் தேதி. ஆயர் ஏற்பாடு செய்த ஆளுக்கு வீட்டு விலாசம் கொடுத்திருக்கிறேன். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. அப்பா கேட்டதை உனக்குச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா


பிப்ரவரி 3

அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. ஆறாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். ஏற்பாடு செய்த ஆள் வேண்டாம் என்று சொல்லிவிடு.

சபைக் குழுவில் விடுப்பு கேட்டபோது ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத அந்த இரண்டு பேரும் முதல் தடவையாக ஒன்று சேர்ந்து எதிர்த்தார்கள். "ஆறு வாரம்னா கூரை வேலை என்னாகுறது ஐயா?" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

மற்றதை இப்போது எழுத முடியாது.

தம்பி


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இதை உன் சலவைப் பிரிவுப் பெண்ணிடம் கொடுத்து அனுப்புகிறேன். அந்த வெந்நீர்க்காரிதான். தினமும் வேலை முடிந்து வந்து அப்பாவின் துணிகளை வாங்கிப் போகிறாள். உன் முதுகு நல்லபடியாக இருக்கிறது, இரண்டு நாளில் எழுப்பி நடக்கவிடுவார்கள் என்றாள். ஸ்தோத்திரம்.

நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்வரை நாம் இருவரும் மருந்துச் சீட்டையும் வாளியையும் பற்றி மட்டுமே பேசிக்கொண்டோம். அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. மன்னிப்பைப் பற்றி எத்தனை தடவை பேசியிருப்பேன் என்று பழைய குறிப்பு நோட்டை எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு தடவை. அதில் ஒன்றுகூட எனக்கு இப்போது உதவவில்லை. என்மேலும் கோபம் இருக்கிறது. இருபத்து நாலாம் தேதியே நான் பஸ் ஏறியிருந்தால் நீ தாழ் போட வேண்டிய வேலையே இருந்திருக்காது. இரண்டில் எது பெரியது என்று தெரியவில்லை. பகலெல்லாம் அப்பாவைத் தூக்கி இறக்கிவிட்டுப் படுத்தால் கோபப்படவும் உடம்பில் சத்து இல்லை.

நான் வந்த அன்று அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுதியதை நீ அடுப்படியில் இருந்ததால் பார்க்கவில்லை. "குண்டாயிட்டே." அவ்வளவுதான். ஆறு வருஷத்துக்குப் பிறகு என் தகப்பன் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை. பதிலுக்கு "நீங்க மட்டும் என்னவாம்" என்றேன். வாயின் ஒரு பக்கம் அசைந்தது. நேற்று நாற்காலிக்கு மாற்றும்போது என் பிடி நழுவி, இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். அடி எதுவும் இல்லை, பயப்படாதே. எழ முடியாமல் பக்கத்து வீட்டுக்காரம்மா வரும்வரை சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஜெபம்கூடச் செய்யவில்லை.

அவர் உன்னைக் கேட்கிறார். இன்று காலை "அவ வலி எப்படி" என்று எழுதினார். நீயே வந்து சொல்வாய் என்றேன். நீ வந்தாலும் ஆறு வாரம் முடியும்வரை அவரைத் தொடக் கூடாது, பார்த்துக்கொண்டு மட்டும் இரு. அதுவரை நான் இருக்கிறேன்.

ஒன்று மட்டும் உடனே எழுதி அனுப்பு. கட்டிலில் அவரை இடது பக்கமாகத் திருப்பும்போது நீ கையை எங்கே கொடுப்பாய்? நான் பிடிக்கிற இடத்தில் அவருக்கு வலிக்கிறது.

தம்பி