ஒன்பதாம் நம்பர் ஷூ

மாப்ள,

இன்று காலை அறையைத் திறந்ததும் முதலில் வந்தது ஷூ பாலிஷ் வாசனை. நேற்று சாயங்காலம் நானே போட்டு வைத்த பாலிஷ்தான். இருந்தாலும் ஒரு நொடி, நீ வந்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன். கிறுக்குப் பயல் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள்.

அறை அப்படியேதான் இருக்கிறது. அவனியாபுரத்தில் அதே ஜெராக்ஸ் கடை மாடி, அதே தகரக் கூரை, ஒரு கதவு மட்டும் திறக்கிற அதே ஜன்னல். ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லூரிக் கடைசி வருஷப் பிள்ளைகள் இருபது பேர் வந்து உட்கார்ந்தால் மூச்சு முட்டும். பயோடேட்டா திருத்துவது என் வேலை. எதிரே அதிகாரி மாதிரி உட்கார்ந்து இன்டர்வியூ கேள்வி கேட்பது உன் வேலை. தலைக்கு மேல் விமானம் போகும்போது பேச்சை நிறுத்தும் பிள்ளைகளை நீ விடமாட்டாய். "அது பாட்டுக்குப் போகட்டும், நீ பேசு. ஒன்னய ஏத்திக்கிட்டா போகுது?" என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள், பயம் பாதி போய்விடும்.

இதைத் தொடங்கியபோது நாம் படிப்பை முடித்தே இரண்டு வருஷம் ஆகவில்லை. நீ பைக் ஷோரூமில் நின்றாய், நான் ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடித்தேன். வேலைக்குப் போவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க நமக்கென்ன யோக்கியதை என்று ஒருநாள் கேட்டேன். "வழுக்கி விழுந்தவனுக்குத்தான் மாப்ள எங்கன வழுக்கும்னு தெரியும்" என்றாய்.

நாம் வழுக்கி விழுந்தது செருப்பில். கல்லூரிக்குக் கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்க வந்த அன்று, இருவரும் ரப்பர் செருப்போடு போய் நின்றோம். "ஷூ போடாதவங்க பின்னால போங்க" என்றார் வரிசையைச் சரிசெய்தவர். பின்னால் போனவர்களைக் கடைசிவரை யாரும் கூப்பிடவே இல்லை. அந்த ரோஷத்தில்தான் முதல் சம்பளம் வந்ததும் டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ வாங்கி, பிள்ளைகளுக்குப் பொதுவாக வைத்தோம். "ஒம்பதாம் நம்பரே எடு. சின்னக் காலுன்னா பேப்பர் திணிச்சுக்கலாம், பெரிய கால என்ன செய்வ?" என்றாய்.

அந்த ஷூவுக்கென்று ஒரு விதிமுறை வைத்ததும் நீதான். போட்டுப் போனவனிடம் வேலை கிடைத்ததா என்று யாரும் கேட்கக்கூடாது. கிடைத்தால் பாலிஷ் போட்டு அலமாரியில் வைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் புழுதியோடு வைத்துவிட்டுப் பேசாமல் போகலாம். மேலூர்ப் பையன் ஒருவன் ஐந்து தடவை புழுதியோடு வைத்தான். ஆறாவது தடவை ஷூ பளபளத்தது. அன்று அந்த அறைக்குள் நீ போட்ட ஆட்டத்தில் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் ஏறி வந்து திட்டினார்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், பெங்களூரில் ஒரு கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனாய். ஷூவும் அலமாரியில் இல்லை. நீ திரும்பிய ஞாயிற்றுக்கிழமை அது பாலிஷோடு உட்கார்ந்திருந்தது.

எனக்குப் புரிந்தது மாப்ள. பார்த்த உடனே புரிந்தது. புரியாத மாதிரி பயோடேட்டாக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். நீ அலமாரியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "அலமாரியத் தூசி தட்டணும்ல மாப்ள" என்றாய். "பெறகு பாத்துக்கலாம்" என்றேன். கேட்கக்கூடாது என்பது நீ வைத்த விதிமுறைதானே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நான் கேட்டால் நீ சொல்வாய், சொன்னால் கிளம்புவாய். இருபது பேர் முன்னால் நான் தனியாக நிற்க வேண்டும். அந்தப் பயம்தான். மறுநாளே அந்த ஷூவை இன்னொரு பையனுக்குத் தூக்கிக் கொடுத்தேன். அவன் புழுதியோடு கொண்டுவந்து வைத்தான். நீ பார்த்தாய். அடுத்தடுத்த ஞாயிறும் வந்தாய்.

மழை பிடித்த மாதம் உனக்கு டெங்கு வந்தது. நாலே நாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "போன மாசமே பெங்களூரு போயிருக்க வேண்டியவன்ப்பா. ஒன்கிட்டச் சொல்லிட்டுத்தான் போவேன்னு தேதியத் தள்ளிக் கேட்டான். சொன்னானா?"

"சொல்லலம்மா" என்றேன். பொய் சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதன் பிறகு ஒரு ஞாயிறுகூட அறையை நான் பூட்டிப் போட்டதில்லை. உன் நாற்காலியில் உட்கார்ந்து உன் கேள்விகளைக் கேட்கிறேன். விமானம் போகும்போது உன் வசனத்தையும் சொல்கிறேன், யாரும் சிரிப்பதில்லை. "நீங்க இருக்கீங்கன்னுதான்ணே தைரியம்" என்று பிள்ளைகள் சொல்லும்போதெல்லாம் எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கிறது. உன்னை எந்த அறைக்குள் நிறுத்தி வைக்கப் பார்த்தேனோ, அதற்குள்தான் இப்போது நான் கிடக்கிறேன்.

போன மாதம் யாருக்கும் தெரியாமல் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் போனேன். கிடைத்துவிட்டது. பத்து நாளாக வேலைக் கடிதம் போனில் இருக்கிறது, வருகிறேனா இல்லையா என்று புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டும். போனால் இந்தக் கதவைத் திறக்க ஆளில்லை. உன்னைப் போகவிடாதவன் நான் மட்டும் எந்த முகத்தோடு போவது? இருந்தால், எதற்காக இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நேற்று மனசு கேட்காமல் பாலிஷ் மட்டும் போட்டேன்.

இன்று முதல் ஆளாக வந்தது காயத்ரி. கீழக்குயில்குடிப் பிள்ளை, கடைசி வருஷம். பளபளக்கும் ஷூவைப் பார்த்து அலமாரி முன்னால் நின்றுவிட்டாள்.

"அண்ணே, இந்த வாரம் யாரும் ஷூ எடுக்கலயே. யாருக்குக் கெடச்சுச்சு?"

"கேக்கக்கூடாதுன்னு தெரியும்ல?" என்று எரிந்து விழுந்தேன்.

"அது கெடைக்காதவங்க மனசு நோகக்கூடாதுன்னு வச்சதுண்ணே. கெடச்சவங்களக் கேக்குறதுக்கு என்ன?"

மேலே விமானம் போனது. அந்தச் சத்தத்தைச் சாக்காக வைத்துப் பேசாமல் இருந்தேன். சத்தம் அடங்கும்வரை அவள் நின்றாள்.

"ஒங்களுக்கா?"

தலையாட்டினேன். அவள் முகம் விரிந்ததைப் பார்க்க முடியவில்லை மாப்ள. "எப்பண்ணே போறீங்க?" என்றாள். பயோடேட்டாவை எடு என்றேன். இந்த நிமிஷம்வரை அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

கேட்பதற்கு அவளுக்கு அரை நிமிஷம் போதுமாயிருந்தது. எனக்கு ஒரு மாதம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் நீ என் எதிரிலேயே நின்றாய். புதன்கிழமை நான் என்ன சொல்வேன் என்று தெரியாது. அதற்கு முன்னால், உன்னிடம் கேட்காமல் நான் தூக்கிக்கொண்டு திரிவதை இப்போதாவது கேட்டுவிடுகிறேன்.

கெடச்சிருச்சா மாப்ள? எப்பப் போற?