கதவோரம் போட்ட மெத்தை

என் அன்புக்குரியவருக்கு,

உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன், கவலைப்படாதீர்கள்.

இந்த ஊருக்கு வேலைக்கு வந்த பள்ளியில், மழலையர் வகுப்பறையை மாற்றியமைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். சத்தம் போடும் விளையாட்டு மரக்கட்டைகளை ஒரு மூலைக்கு ஒதுக்கி, படப் புத்தகங்களோடு ஒரு மெத்தையை ஜன்னலோரம் போட்டேன். நேற்று ஒரு குட்டிப்பெண் அந்த மெத்தையில் என் மடியிலேயே கிடந்தாள். அவள் அம்மா வந்து கூப்பிட்டதும், "நான் வரல, மிஸ்கூடவே இருக்கேன்" என்றாள். அந்த அம்மா சிரித்தார், ஆனால் முகம் சுண்டிப்போனது. எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் 'நீயும் பட்டுப் பார்' என்றுதான் தோன்றியது. போன வாரம் போனில் பாப்பா, "அப்புறம் பேசும்மா, அத்தை கதை சொல்றாங்க" என்று ஓடியபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இன்று காலை மெத்தையைக் கதவோரம் இழுத்துப் போட்டேன். இனி அம்மாக்கள் வந்ததும் அங்கேயே உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்ளலாம். "வழியில இடிக்குதே" என்றார் தலைமையாசிரியை. "இடிக்கட்டும் மேடம்" என்றேன்.

உங்கள் அக்கா பாப்பாவைத் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார். என் வயிற்றெரிச்சலே அதனால்தான். ஒரு சின்ன உதவி. பாப்பாவின் கட்டிலை அவர் அறையிலிருந்து நம் அறைக்கு மாற்றிவிடுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், காற்று நன்றாக வரும் என்று சொல்லுங்கள்.

பிள்ளைகள் தூங்கி எழும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன்.

பாப்பாவின் அம்மா